நர்சம்மாவின் இடது கை

எனக்கு எழுபத்தெட்டு முடிந்து எழுபத்தொன்பது நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு பேர், புயலில் தாயைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்ற பெண் ஒன்று. ஒன்பதையும் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, அறுப்பு அறுத்துத்தான் வளர்த்தேன். ஒன்றைக்கூட நோஞ்சானாக வளர்க்கவில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது. கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போகும். போகட்டும். என்னைப் பற்றி எழுதுவதற்கு நான் உட்காரவில்லை. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு நர்சம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஆள் ஒல்லி, கறுப்பு. கழுத்தில் சிலுவை போட்ட சின்னக் கறுப்புக் கயிறு. வேளாங்கண்ணிப் பக்கத்து ஊர் என்று சொன்னார்கள். நடந்தால் செருப்புச் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். நல்லவர் என்றால் இனிப்பாகப் பேசுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. வெற்றிலை எச்சிலைச் சுவரில் துப்பினவனைக் கையில் துணியைக் கொடுத்துத் துடைக்க வைப்பார். அவர் ஊசி போட்டால் மற்றவர்கள் போடுவதைவிட இரண்டு மடங்கு வலிக்கும். கட்டுக் கட்டினால் மூட்டைக்குச் சாக்குக் கயிறு இறுக்குகிற மாதிரி இறுக்குவார். "கொஞ்சம் தளத்துங்க நர்சம்மா" என்றால், "தளத்துனா வீட்டுக்கு ஓடிருவே" என்பார்.

ஆனாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். அதற்குக் காரணம் அவர் கேட்கிற ஒரு கேள்வி. யார் புதிதாக வந்து படுத்தாலும், காய்ச்சல் பார்த்து, நாடி பார்த்து எல்லாம் ஆன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். கட்டிலில் இருந்தால் கட்டில் ஓரத்தில் உட்காருவார். கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் பாயில் கிடந்தால் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார்.

"வீட்டுல எத போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தீங்க?"

இதுதான் கேள்வி. சிலர் விழிப்பார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். ஒருத்தருக்கு மாடு கன்று போடுகிற நாள். ஒருத்தருக்கு நாற்றங்காலில் தண்ணீர் கட்டியது கட்டியபடி. ஒருத்தி அடுப்பில் நெல் அவித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லச் சொல்ல நர்சம்மா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இடது கையில் எழுதிக்கொள்வார். உள்ளங்கையில் இல்லை, மணிக்கட்டுக்கு மேலே, முழங்கை வரைக்கும். நான் அப்போது எழுத்து அறியாதவள். அந்தக் கையைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி நீலமாக இருக்கும்.

எழுதியதை எடுத்துக்கொண்டு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவார். அங்கே கோடியக்கரை போகிற பஸ் வந்து நிற்கும். கண்டக்டரிடம் கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.

"மதகுக்கிட்ட எறங்குற ஆளு யாருகிட்டயாவது சொல்லுங்க. வீராசாமி வீட்டு மாட்ட அவரு தம்பி கொட்டில்ல கட்டணும்."

"சிஸ்டர், நான் டிக்கெட்டு கிழிக்கிறதா, உங்களுக்குத் தந்தி குடுக்குறதா?"

"டிக்கெட்டு கிழிக்கிறது கை. ஊருப் பேரக் கத்துறது வாய்தானே? கத்துறப்ப இதையும் சேத்துக் கத்துங்க."

பெரிய டாக்டருக்கு இது பிடிக்காது. ஒரு நாள் வார்டிலேயே நின்று கேட்டார். "நீங்க நர்ஸா, தலையாரியா?"

"அந்தப் பெரியவரு மூணு நாளா மருந்த முழுங்காம துப்புறாரு டாக்டர். வீட்டுக் கன்னுக்குட்டி என்னாச்சுன்னு சேதி வந்தா முழுங்குவாரு" என்றார் நர்சம்மா. சாயங்காலம் சேதி வந்தது. பெரியவர் முழுங்கினார். டாக்டர் அதற்குப் பிறகும் முணுமுணுப்பார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

கோடியக்கரையிலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். திருக்கை மீனின் முள் குத்திக் கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவ்வளவு வலியிலும் அவர் கையைப் பற்றிப் பேசவில்லை. ஈர வலையைக் குவித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார், அது உள்ளுக்குள் சூடேறி வெந்துபோகும் என்றே புலம்பினார். மறுநாள் கண்டக்டர் பஸ்ஸிலிருந்தே கத்தினார், "வலைய விரிச்சுட்டாங்களாம் சிஸ்டர்!" அந்த மனுஷர் அப்போதுதான் தூங்கினார்.

கும்பகோணத்து அம்மாள் ஒருத்தர் கட்டிலில் இருந்தார். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியவர். நர்சம்மா அவரிடமும் கேட்டார்.

"நான் என்னத்த விட்டுட்டு வர்றது? பில்டர்ல டிகாஷன் எறங்கிண்டு இருந்தது. எம் பொண்ணோட மாமியார் எடுத்துக் குடிச்சிருப்பா."

எல்லாரும் சிரித்தோம். நர்சம்மா சிரிக்கவில்லை. "மொத டிகாஷனா, ரெண்டாவதா?" என்று கேட்டார்.

"மொத டிகாஷன்டி!" என்று அந்த அம்மாள் கண் கலங்கினார். மறுநாள் ஒரு சின்னத் தூக்கில் காபி வந்தது. யார் சொல்லி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் நான் கிடந்த பாயிலிருந்து பார்த்தது. நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும்.

ஆட்சி மாறிய புதிது. ஊருக்கு ஊர் புதுக் கொடிமரம் நட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் செங்கொடிச் சங்கம். சம்பா அறுப்புக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டோம். மிராசுதார் தர முடியாது என்று வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். நாங்கள் பெண்களும் ஆண்களுமாக வரப்பை மறித்து நின்றோம். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வலது கெண்டைக்காலில் ஓர் அரிவாள் பட்டது. எதிராளி அரிவாளா, எங்கள் ஆள் அரிவாளா, அதுவும் தெரியாது. வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வண்டியிலேயே சொல்லிவிட்டார்கள், "பேரையும் ஊரையும் மாத்திச் சொல்லு. உன் பேர வச்சு உன் புருசன, அப்புறம் எல்லாரையும் புடிச்சிருவாங்க." வாசலில் என்னை இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. போலீஸ் எங்கள் ஊர் ஆண்களைத் தேடிக்கொண்டிருந்தது. என் புருஷன் எங்கேயோ நாணல் காட்டில் கிடந்தார்.

பேர் கேட்டபோது பாக்கியம் என்றேன். ஊர் கேட்டபோது வாய்க்கு வந்த ஓர் ஊரைச் சொன்னேன். நர்சம்மா அப்படியே ரெஜிஸ்டரில் எழுதினார். தையல் போட்டுப் பாயில் கிடத்தியபிறகு வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுல எத போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேவா? ஒரு கோழி கூடவா இல்ல?"

"கோழியும் இல்ல குஞ்சும் இல்ல. நான் தனிக்கட்ட."

அவர் பேனாவைத் திறந்தவர் மூடிக்கொண்டு எழுந்துபோனார். வராந்தாக் கோடியில் ஒரு ஸ்டூல் போட்டுப் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். வெட்டுக்காயத்தோடு வந்தவர்கள் பேரையெல்லாம் அவர் குறித்துக்கொண்டிருந்தார். அவர் காதுபடத்தான் நான் அதைச் சொன்னேன்.

நான் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தது ஏழு மாதக் கைப்பிள்ளை. அறுப்புக்குப் போகும்போது நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் என்னைக் கட்டுப் போடுகிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டுப் போடுகிறவர் பழைய துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். உயிர் போகிற வலி. அப்போது வெளியே ஒரு குழந்தை அழுதது. ஆஸ்பத்திரியில் அழாத குழந்தையா என்று நினைத்தேன். ஆனால் எனக்கு மார் கட்டிக்கொண்டு வந்தது. ரவிக்கை நனைந்தது. முந்தானையை மடித்து வைத்து அமுக்கிக்கொண்டேன். அழுகை தூரமாகப் போய்விட்டது.

அன்று முழுக்க மார் கல்லாகி, உடம்பு கொதித்தது. சாயங்காலம் நர்சம்மா காய்ச்சல் பார்க்க வந்தார். முந்தானையைப் பார்த்தார். வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"எத்தன மாசம்?"

"எதுக்கு?"

"புள்ளைக்கு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்தாம்மா, திரும்ப வேணாம், அப்படியே கேளு. காலையில ஒரு பொண்ணு வந்துச்சு. இடுப்புல கைப்புள்ள. காத்தாயின்னு ஒருத்தி இங்க சேந்திருக்காளான்னு கேட்டுச்சு. நான் ரெஜிஸ்டரப் பொரட்டிப் பாத்தேன். அப்படி யாரும் இல்லம்மான்னு அனுப்பிட்டேன். அப்பன்னா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியிலதான் பாக்கணும்னு சொல்லிட்டு அது பஸ் ஏறிப் போயிட்டுது. புள்ள பசியில கத்திக்கிட்டே போச்சு."

பிறகு, "தப்பு எம்மேல. நான் பேரத் தேடுனேன். ஆளத் தேடல" என்றார்.

பொய் சொன்னது நான். அதற்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி. அவர் தன் தப்பைச் சொல்லிவிட்டார். நான் மெல்ல அவர் பக்கம் திரும்பினேன்.

"நீ பேரு சொல்ல வேணாம். பஸ்ஸு எந்த எடத்துல நின்னா உன் வீட்டு ஆளுக்குச் சேதி போகும், அத மட்டும் சொல்லு."

நிறுத்தத்தைச் சொன்னால் ஊரைச் சொன்ன மாதிரி. ஊரைச் சொன்னால் நாணல் காட்டைச் சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால் என் பிள்ளை தஞ்சாவூர்த் தெருவில் கிடந்து கத்தும். அவர் இடது கையைப் பார்த்தேன். அன்றைக்கும் முழங்கை வரை எழுத்து. இதே கையோடுதான் போலீஸ்காரர் முன்னால் நாளெல்லாம் நடக்கிறார். அந்தப் போலீஸ்காரருக்குப் படிக்கத் தெரியாதா?

"எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

நர்சம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியை இறுக்கினார். என் கையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டார்.

"நீ வச்சுக்க. பேனா இல்லாம நான் எதுல எழுதுவேன்?"

அப்போதுதான் நான் முதல் தடவையாக ஒரு பேனாவைத் தொட்டேன். அது அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. நான் சொல்லிவிட்டேன். நிறுத்தத்தையும் சொன்னேன், நாத்தனார் பேரையும் சொன்னேன், பிள்ளைக்கு வலது காதுக்குப் பின்னால் மச்சம் என்பதையும் சொன்னேன். என் பேரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் என்ன இருக்கிறது, அவருக்குத்தான் தெரிந்துவிட்டதே. ஆனாலும் சொல்லவில்லை.

அவர் வெந்நீரும் துணியும் கொண்டுவந்தார். "பால வத்த விடாத. புள்ள வர்ற வரைக்கும் கறந்து கறந்து ஊத்து. வலிச்சா என்னத் திட்டு." நிஜமாகவே திட்டினேன். அவர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இதவிட மோசமாத் திட்டுவாங்க எங்க ஊர்ல, நல்லாத் திட்டு" என்றார்.

மறுநாள் முழுக்கப் பேனா என் தலைமாட்டில் இருந்தது. அவர் வார்டில் எழுத வேண்டியதற்கெல்லாம் இன்னொருத்தரிடம் பேனா இரவல் வாங்கினார். இடது கையில் மட்டும் எதுவும் எழுதவில்லை. கும்பகோணத்து அம்மாள்கூடக் கேட்டார், "என்னடி, கை இன்னிக்கு வெறுமையா இருக்கு?"

"தேய்ச்சுக் கழுவினேன் மாமி. எல்லாம் மனசுல இருக்கு."

இரண்டு நாள் சேதி இல்லை. நாத்தனார் தஞ்சாவூரில் தேடிவிட்டு, ஆள் செத்துப்போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்டக்டர் பிடித்துக்கொண்டார். "இடுப்புல இருக்குற புள்ளைக்கு வலது காதுக்குப் பின்னால மச்சம் இருக்கா? அப்படின்னா நாளைக்கு இதே பஸ்ஸுல திரும்பி வா. வாசல் பக்கம் வராத, பின்பக்கம் பிரசவ வார்டுக்கு வா. டிக்கெட்டு வேணாம்" என்றாராம். அவள் பயந்துபோய் அவரைக் குறி சொல்கிறவர் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் நர்சம்மா என்னை எழுப்பித் தோளைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனார். போலீஸ்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

"வெந்நி ஒத்தடத்துக்கு. பிரசவ வார்டுல வெந்நி கொதிக்குது."

"இது எந்த ஊரு பொம்பள?"

"ரெஜிஸ்டர்ல இருக்கு, பாத்துக்கங்க. அவங்க சொல்றத எழுதுறதுதான் என் வேல."

இதில் எதுவும் பொய் இல்லை. அங்கே வெந்நீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பிரசவ வார்டில் இருபது குழந்தை கத்துகிற இடத்தில் இருபத்தோராவதாக என் பிள்ளை நாத்தனார் மடியில் இருந்தான். நாலு நாளில் பாதியாகியிருந்தான். சர்க்கரைத் தண்ணீரும் ஆட்டுப்பாலும் கொடுத்திருக்கிறாள், எல்லாம் வயிற்றால் போயிருக்கிறது. வாங்கி மாரில் வைத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தேன். கையால் தள்ளிக்கொண்டு கத்தினான். எனக்கு வெட்டு வாங்கியபோதுகூட அழுகை வரவில்லை. அப்போது அழுதேன். என் பிள்ளை என்னை மறந்துவிட்டான் என்று அழுதேன்.

நர்சம்மா குனிந்து என் தோளை மோந்து பார்த்தார்.

"மறக்கல. நீ ஆஸ்பத்திரியா நாறுறே. அவனுக்கு யாருன்னு தெரியல."

மருந்து வாடை அடித்த என் ரவிக்கையைக் கழற்ற வைத்தார். வெந்நீரால் கழுத்தையும் மாரையும் மூன்று தடவை துடைத்தார். நாத்தனாரைப் பார்த்து, "உன் பொடவைய அவுத்து இவளுக்குப் போத்து" என்றார். அவள் வெட்கப்பட்டாள். "எல்லாரும் பொம்பளைங்கதான், அவுத்துக் குடு" என்று அதட்டித் தன் வெள்ளைத் துண்டை அவளுக்குக் கொடுத்தார். அந்தப் புடவையில் எங்கள் வீட்டு அடுப்புப் புகை இருந்தது, சாணி இருந்தது, வைக்கோல் இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் முனகினான். பிறகு மூக்கால் தேடினான். பிறகு பிடித்துக்கொண்டான்.

நர்சம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், இந்தப் பக்கம் எவ்வளவு நேரம், அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் என்று. போகும்போது பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். பையில் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தேன். வெந்நீர் ஒத்தடம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை நடந்தது. இவ்வளவு ஒத்தடமா என்று போலீஸ்காரரே ஒரு நாள் கேட்டுவிட்டு, அதற்கு மறுநாளிலிருந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ரெஜிஸ்டரில் பெருவிரல் வைக்கச் சொன்னார் நர்சம்மா. வைத்தேன். அந்த விரலுக்குப் பக்கத்தில் இருந்தது என் பேர் இல்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. சுற்றி ஒருத்தரும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், காத்திருக்கிற மாதிரிகூட இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு நின்றேன். அது பயமா, திமிரா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"போயிட்டு வா பாக்கியம்" என்றார் அவர். காத்தாயி என்று தெரிந்தே சொன்னார். நானாகக் கொடுக்காத பேரை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கெல்லாம் தள்ளுபடியாகி, என் புருஷனும் வீடு வந்து சேர, இரண்டு அறுப்புக் கழிந்தது. புது நெல்லில் அவல் இடித்துத் துணியில் கட்டிக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் போனேன். மேசையில் வேறு ஒரு நர்ஸ் இருந்தது. சின்னப் பெண்.

"நர்சம்மா இல்லையா?"

"எந்த நர்சம்மா?"

"ஒல்லியா, கறுப்பா இருப்பாங்க. கையில எழுதுவாங்க."

"அவங்களா, மாத்தலாயிப் போயிட்டாங்கன்னு சொல்வாங்க. நான் வரதுக்கு முன்னாலயே. எந்த ஊருன்னு ஆபீஸ்ல பாத்துச் சொல்றேன். பேரு என்னம்மா?"

"காத்தாயி."

"உங்க பேரு இல்லம்மா. அவங்க பேரு."

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் அவர் கையால் சோறு தண்ணீர் வாங்கியிருக்கிறேன், நர்சம்மா என்பதற்கு மேல் நான் கேட்கவே இல்லை. அந்தப் பெண் பாவம், ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பேரு தெரியாம எப்படிம்மா தேடறது?" என்றது. அவலை அதன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவுதான். எழுதி முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. இந்தாடி செல்வி, என் பேத்தி, இதைப் பிடி. கொம்பு, கால் எங்காவது விட்டிருந்தால் போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசி. இங்கே வேண்டாம், கூடத்துக்கு வா. உன் அப்பன் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். காதுக்குப் பின்னால் மச்சம் உள்ளவன் அவன்தான். அன்றைக்கு அவன் பசியோடு அந்த வாசலிலிருந்து திரும்பிப் போனதையும், உள்ளே கிடந்துகொண்டு நான் வாயைத் திறக்காமல் இருந்ததையும் இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் சொன்னதில்லை. என் வாயால் சொல்ல முடியாது. நீ வாசி, அவன் கேட்கட்டும்.